எதிர்வீட்டு ஹார்ட்டுக்காரர்

எனக்கு எழுபத்து மூன்று வயது. பெற்றது மூன்று, வளர்த்தது ஐந்து. ஐந்தும் படித்ததுகள். ஆனாலும் எனக்கு இங்கிலீஷ் கற்றுக்கொடுத்தவர் எங்கள் எதிர்வீட்டு ஹார்ட்டுக்காரர்தான். ஒரே ஒரு சொல்! அதை வைத்தே ஆரணியைக் கலக்கினார் மனுஷன்.

பட்டுத்தறி நெய்கிறவர். சீட்டாட உட்கார்ந்தால் இதயம் போட்ட ஆட்டின் சீட்டைக் கையை விட்டு இறக்கவே மாட்டார். "அதாங்க்கா ஹார்ட்டு! அதப் போயி எறக்குவாங்களா?" என்பார். தோற்றுக்கொண்டே இருப்பார். என் பேரன் பாடத்தைப் பை ஹார்ட் செய்தால் பெருமை இவருக்கு. "பாத்தியா, மூளைக்கு அங்க வேலையே இல்ல!"

'ஹார்ட் ஆஃப் ஆரணி' என்று நோட்டீஸ் கொடுத்து மனை விற்க வந்தவனோடு ஒருநாள் காரில் ஏறிப் போனார். கார் செய்யாறு பக்கமாகப் போய்க்கொண்டே இருந்ததாம். "யோவ், இது ஹார்ட்டு இல்லய்யா, கால் சுண்டுவெரலு!" என்று இறங்கி, பஸ் பிடித்து வந்தார்.

போன் வாங்கியதும்தான் பேஜார். வாட்ஸப்பில் பார்த்தவர்களுக்கெல்லாம் சிவப்பு ஹார்ட். என் சம்பந்தியம்மாளுக்கும் போய்விட்டது.

"யாருங்க அது, தெனம் எனக்கு ஹார்ட்டு அனுப்பிகினு கீறாரு?"

"பயப்படாதீங்க. கறிக்கடை பாய்க்கும் அதேதான் போவுது."

அப்படிப்பட்டவருக்கு நெஞ்சைப் பிடித்துக்கொண்டது. உடனே ஆபரேஷன் என்றார் வேலூர் டாக்டர். இவரோ வீட்டுக்கு வந்து தறியில் உட்கார்ந்துகொண்டார். முகூர்த்தச் சேலை பாதியில் நிற்கிறதாம், வேறு கை பட்டால் நெசவு மாறிவிடுமாம், முடிக்காமல் வரமாட்டாராம். வாசலில் கார் நிற்கிறது. பெண்டாட்டி அழுகிறாள். இவர் முகமெல்லாம் வியர்வை.

எனக்கு வந்ததே கோபம்! தண்ணீர் குடிக்க எழுந்தார் பாருங்கள், நான் தறிக்குழியில் காலை விட்டு உட்கார்ந்துவிட்டேன்.

"இன்னாக்கா பண்ற?"

"நீ போயிட்டா நான்தான முடிக்கணும்? இப்பவே பழகிக்கிறேன்."

"உன் நெசவு எருமை மிதிச்ச மாதிரி இருக்கும்க்கா! எறங்கு!"

"நீ கார்ல ஏறு, நான் எறங்குறேன்."

ஊடுநூல் ஓட்டுகிற நாடாவைக் கையில் எடுத்தேன். அவ்வளவுதான், வாசலுக்கு ஓடினார். "ஜல்தி வண்டிய எடுங்கடா! நான் வர்ற வரைக்கும் அக்காவ உள்ள விடாதீங்க!"

ஆபரேஷன் முடிந்து நேற்றுதான் வீடு வந்தார். முதலில் தறியைத் தடவிப் பார்த்தாராம். பெண்டாட்டி முகத்தைப் பார்த்தது அப்புறம்தானாம்.

அம்மு, நான் சொல்லச் சொல்ல நீ எழுதினதப் படிச்சுக் காட்டுடி. ஜன்னல் பக்கமா நின்னு படி, எதிர்வீட்டுக் கட்டிலுக்கும் கேக்கட்டும். ஆனா மெதுவா படி... ரொம்பச் சிரிச்சான்னா தையல் இழுக்கும்.