வலது காலைத் தவிர அனைவரும் நலம்

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

தங்கள் மாமனார் எழுதிக்கொள்வது. இங்கு தங்கள் மாமியார் நலம், நான் நலம், என் இடது கால் நலம். வலது காலைப் பற்றிச் சற்று விவரமாக எழுத வேண்டியிருக்கிறது. தாங்களும் பாப்பாவும் போன இடத்தில் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். சனிக்கிழமை காலை ரயிலில் நீங்கள் திரும்பி வரும்போது, எங்கள் வாசலில் விட்டுப்போன உங்கள் புது நீலக் கார் அதே இடத்தில், அதே உறையோடு, அதே நீளத்தில் நிற்க வேண்டும் என்பதே இந்த நிமிஷத்தில் என் ஒரே பிரார்த்தனை. நிற்கும் என்று இப்போதைக்கு உறுதி சொல்ல முடியவில்லை.

பதற வேண்டாம். நம் தெரு மேட்டில் பாதி தூரத்தில், என் காருக்குள் உட்கார்ந்து, சர்வீஸ் புத்தகத்தை ஸ்டீயரிங் மேல் வைத்து, அதன் கடைசிக் காலிப் பக்கங்களில் இதை எழுதுகிறேன். வலது கால் பிரேக்கில் இருக்கிறது. அதை எடுக்க முடியாது. எடுத்தால் கார் பின்னால் உருளும். உருண்டால் எங்கே போகும் என்று உங்களுக்கே தெரியும், மேட்டின் அடியில் எங்கள் வாசலைத் தவிர வேறு ஒன்றும் இல்லை, வாசலில் உங்கள் காரைத் தவிர வேறு ஒன்றும் இல்லை. போன மாதம் சாப்பாட்டு மேஜையில் நீங்கள் எவ்வளவு மரியாதையாகக் கேட்டீர்கள், “மாமா, இனிமே எந்த வண்டியில ஒரு கீறல் விழுந்தாலும் சாவியை என்கிட்ட குடுத்துடணும், சரியா?” என்று. பாப்பா வேறு, “அப்பா, என் தலையில அடிச்சு சத்தியம் பண்ணுங்க” என்றாள். நானும் பண்ணித் தொலைத்தேன். அதனால் இப்போது என் காலுக்கு அடியில் இருப்பது வெறும் பிரேக் இல்லை, நாற்பது வருஷமாக நான் ஓட்டுகிறேன் என்கிற ஒரே மரியாதை.

நடந்தது இதுதான். லைசென்ஸ் புதுப்பிக்கக் கண் டாக்டரிடம் சான்றிதழ் வாங்க ஒன்பதரை மணிக்குக் கிளம்பினோம். உங்கள் மாமியார் பக்கத்து சீட்டில். தையல்கடை எதிரே வந்ததும் கியர் கம்பு கையில் கொழகொழவென்று ஆடியது. எந்தக் கியரும் விழவில்லை, பாத்திரத்தில் கரண்டியை விட்டுக் கிளறுவது போலச் சும்மா சுற்றியது. என்ஜின் ஒரு தடவை இருமிவிட்டு நின்றது. சட்டென்று ஹேண்ட்பிரேக்கை இழுத்தேன். வந்தது. வந்துகொண்டே இருந்தது. கடைசியில் அடியோடு என் கைக்கு வந்துவிட்டது. இப்போது அது என் மடியில் இருக்கிறது. என்ஜின் நின்றால் பிரேக் பெடல் கல் மாதிரி இறுகிப்போகும் என்பது கார் வைத்திருப்பவர்களுக்குத் தெரியும், அதை என் முழங்காலும் இப்போது தெரிந்துகொண்டது. முப்பத்துநாலு வருஷம் ஊரில் உள்ள லிஃப்ட்டுகளின் பிரேக்கையெல்லாம் சோதித்து ‘பாதுகாப்பானது’ என்று கையெழுத்துப் போட்டவனுக்கு இந்தக் கதி.

உங்கள் மாமியார் கொஞ்சமும் அலட்டிக்கொள்ளவில்லை. “நான் போய் மெக்கானிக்கைக் கூட்டிட்டு வரேன். நீங்க இறங்காதீங்க, காலை எடுக்காதீங்க, எதையும் தொடாதீங்க” என்றாள். என் போன் வீட்டில் சார்ஜில் கிடக்கிறது, அவளுடையது அவள் பையோடு போய்விட்டது. போகும்போது டிக்கியைத் திறந்து எதையோ குடைந்து எடுத்தாள், குடையாகத்தான் இருக்கும். பின்னால் டங்கென்று ஒரு சத்தம் வேறு. “ஏய், காரை ஆட்டாதே! உயிரோட விளையாடறே!” என்று கத்தினேன். கண்ணாடியில் பார்த்தால் கையை வீசிக்கொண்டு நிதானமாக நடந்து போகிறாள். புருஷன் மேட்டில் தொங்கிக்கொண்டிருக்கிறானே என்று ஒரு எட்டு வேகமாக வைக்கக் கூடாதா?

அவள் போய் இருபது நிமிஷத்தில் தையல்காரர் கழுத்தில் டேப்போடு வெளியே வந்தார். உங்கள் பேண்ட் மூன்று அவரிடம் இருக்கிறது, சனிக்கிழமை வாங்க வருவீர்கள், அவர் வாய் சும்மா இருக்காது. அதனால் நான் ஜாக்கிரதையாகப் பேசினேன்.

“என்ன சார், நடுத்தெருவுல உக்காந்து எழுதிட்டிருக்கீங்க?”

“மாப்பிள்ளைக்கு லெட்டர்.”

“அதுக்கு வீடு இல்லையா சார்?”

“இங்கதான் காத்து வருது.”

“கல்லு கில்லு ஏதாவது வெக்கணுமா?”

“எதுக்கு? நான் பாட்டுக்கு நிறுத்தியிருக்கேன். உங்க வேலையைப் பாருங்க.”

மனிதர் காருக்குப் பின்னால் போய்க் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தவர் முகத்தில் ஒரு சிரிப்பு. “அம்மா எங்க போயிருக்காங்க?” என்றார். நான் குனிந்து மறுபடி எழுத ஆரம்பித்தேன். “சரி சார், நல்லா எழுதுங்க” என்று சிரித்துக்கொண்டே உள்ளே போய்விட்டார். கஷ்டத்தில் இருப்பவனைப் பார்த்துச் சிரிக்கிற அந்த ஆளிடம் இனிமேல் நீங்கள் பேண்ட் தைக்கக் கொடுக்கக் கூடாது.

கால் வலியை மறக்க வேறு எதையாவது நினைக்கலாம் என்று என் கார்களை நினைக்க ஆரம்பித்தேன். நாலு கார் மாப்பிள்ளை, நாலுக்கும் பெயர் உண்டு. முதலாவது ‘பெரியவர்’. கறுப்பு, என்னைவிட மூத்தது, கல்யாணமான மாதம் வாங்கினேன். இடது கதவு கயிற்றில் நிற்கும். ஹேண்ட்பிரேக் அலங்காரத்துக்கு மட்டும். முதல் மேட்டிலேயே என்ஜின் நின்று வண்டி பின்வாங்கியபோது நான் செய்வதறியாமல் ஹாரன் அடித்தேன், கல்யாணமாகி இருபது நாள் ஆன பெண் கீழே குதித்து ஓடிப்போய் ஒரு செங்கல்லை எடுத்துச் சக்கரத்துக்குப் பின்னால் போட்டாள். மறுநாள் உடைந்த மேஜையின் காலை அவளே அறுத்து, ஒரு பக்கம் சரிவாகச் சீவி, நல்ல கட்டையாகச் செய்து டிக்கியில் வைத்துவிட்டாள். அன்றிலிருந்து அதுதான் எங்கள் ஹேண்ட்பிரேக். மேட்டில் வண்டி நின்றால் அவள் இறங்கிக் கட்டை வைப்பாள். கிளம்பும்போது கட்டையை உருவுவாள். கிளம்பிய பிறகு நடுவில் நிறுத்த முடியுமா? முடியாது. நான் ஒரே மூச்சில் மேட்டுக்கு மேலே போய்ச் சமதளத்தில் நிறுத்தி ஹாரன் அடிப்பேன், அவள் கட்டையைத் தூக்கிக்கொண்டு நடந்து வந்து ஏறிக்கொள்வாள்.

இரண்டாவது ‘தவளை’, பச்சை நிறம். பாப்பா பிறந்து ஆஸ்பத்திரியிலிருந்து வந்தது அதில்தான். அதற்கு ஹேண்ட்பிரேக் உண்டு, ஆனால் அதன் இஷ்டத்துக்குப் பிடிக்கும். கட்டை தொடர்ந்தது. ஒரு தடவை கட்டையை உருவ இறங்கியவளை மறந்துவிட்டு நான் பாட்டுக்குப் போய்விட்டேன். ஆபீசில் நடந்த ஒரு சண்டையை ஆதியோடந்தமாகச் சொல்லிக்கொண்டே போகிறேன், ‘ம்’ கொட்டுகிற சத்தம் வரவில்லையே என்று ஆறாவது கிலோமீட்டரில்தான் திரும்பிப் பார்த்தேன். பின்சீட்டிலிருந்து பாப்பா, “அம்மா அப்பவே எறங்கிட்டாங்கப்பா” என்கிறாள். முன்னாடியே சொல்ல வேண்டியதுதானே என்றால், “நீங்க பேசும்போது குறுக்க பேசக் கூடாதுன்னு சொல்லியிருக்கீங்க” என்கிறாள். திரும்பிப் போனபோது உங்கள் மாமியார் கட்டையைப் போட்டு அதன் மேலேயே உட்கார்ந்திருந்தாள். இரண்டு நாள் பேச்சு இல்லை.

இந்த இடத்தில் கால் பிடித்துக்கொண்டது மாப்பிள்ளை. சதை உருண்டு கல்லாகிவிட்டது. வலது காலை எடுத்து இடது காலை வைக்கலாம் என்று மனசைத் திடப்படுத்திக்கொண்டு மாற்றினேன். மாற்றுகிற அந்த ஒரு நொடியில் கார் பின்னால் நகர்ந்தது! ஒரு அங்குலம் இருக்கும். ஐயோ போச்சு என்று கண்ணை மூடிக்கொண்டேன். இடது கால் மிதித்தது, கார் நின்றது. உடம்பெல்லாம் வேர்த்துவிட்டது. கண்ணாடியில் உங்கள் கார் ஒன்றும் அறியாமல் உறைக்குள் நிற்கிறது. அதைப் பார்க்கவே பாவமாக இருந்தது.

மனசு பதறும்போது உண்மையைச் சொல்லிவிட வேண்டும். மூன்றாவது ‘சிவப்பி’, நான் புதிதாக வாங்கிய ஒரே கார், என் செல்லம். உங்கள் அப்பா கல்யாணப் பேச்சுக்காக எங்கள் வீட்டுக்கு வந்த அன்று அவருடைய ஸ்கூட்டர் கீழே விழுந்து முன்விளக்கு உடைந்து கிடந்ததே, பால் வண்டிக்காரன் இடித்துவிட்டுப் போய்விட்டான் என்று நான் சொன்னேனே, அது பால் வண்டி இல்லை. சிவப்பியைக் கொஞ்சம் பின்னால் எடுத்தேன். அவ்வளவுதான். பயத்தில் வாயில் வந்தது பால் வண்டி. நல்ல சம்பந்தம் கெட்டுப்போய்விடக் கூடாதே என்று பாப்பாவுக்காகச் சொன்ன பொய். அந்தப் பால்காரர் ஆறு மாதம் எங்கள் தெருவிலேயே திட்டு வாங்கினார். அவர் முகத்தை இன்றுவரை என்னால் நேராகப் பார்க்க முடியவில்லை. சம்பந்தியிடம் நீங்கள்தான் பக்குவமாக எடுத்துச் சொல்ல வேண்டும்.

இதை எழுதும்போதே ஒரு தும்மல். பெரிய தும்மல். கால் பெடலை விட்டு முழுசாக எழும்பிவிட்டது. ஆனால் கார் ஒரு நூல் அசையவில்லை! அதற்குள் என் கால் திரும்பிப் போய் மிதித்துவிட்டது. அறுபத்தெட்டு வயதில் இந்த வேகம் எத்தனை பேருக்கு வரும்? கண் டாக்டர் இதையெல்லாம் எங்கே பார்க்கப்போகிறார்.

நாலாவது இந்தச் சாம்பல் நிறத்துக்காரி, ‘சமர்த்து’. பதினாலு வருஷம் ஹேண்ட்பிரேக் உடும்பு மாதிரி பிடித்தது. வாங்கிய அன்றே, “இந்தக் காருக்கு எதுக்குடி கட்டை? தூக்கிப் போடு” என்றேன். “சரி” என்றாள். அவ்வளவு நல்ல கட்டையைத் தூக்கிப் போடச் சொன்ன புத்திசாலி நான்தான். இப்போது அது இருந்தால் இந்தக் கடிதமே இல்லை. தையல்கடைக் கடிகாரத்தில் மணி பதினொன்றே கால். மெக்கானிக் கடை பத்து நிமிஷ நடை. போனவளைக் காணோம். ஹாரன் அடித்துப் பார்த்தேன். தையல்காரர்தான் எட்டிப் பார்த்தார். இத்தனை வருஷம் நான் மேட்டு உச்சியில் உட்கார்ந்து, “இன்னும் என்ன பண்ணுறே?” என்று அடித்த ஹாரனெல்லாம் ஞாபகம் வருகிறது. வெயிலில் அவள் நடந்து வருவாள். ஒரு தடவைகூட நான் இறங்கிப் போய் அந்தக் கட்டையை வாங்கியதில்லை. வெட்கமாக இருக்கிறது மாப்பிள்ளை.

ஆகவே மாப்பிள்ளை, கால் மரத்துவிட்டது, முடிக்கிறேன். தோற்றேன். கீறல் விழுந்தாலும் விழாவிட்டாலும் சனிக்கிழமை சாவி உங்களிடம். காரை விற்றுவிடுங்கள். இந்தக் கடிதத்தை உங்கள் கார் வைப்பருக்கு அடியில் வைக்கச் சொல்கிறேன், வைப்பர் மிஞ்சினால். தாங்களும் பாப்பாவும் குறைவில்லாமல், மேடில்லாத தெருவில் வீடு வாங்கி, நீடூழி வாழ வேண்டும் என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே ஆசீர்வதிக்கிறேன்.

இப்படிக்கு,
காலை எடுக்காத,
தங்கள் அன்பு மாமனார்.

பின்குறிப்பு: சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். கால் வெந்நீரில் இருக்கிறது. மேலே உள்ளதை நீங்கள் படிக்க வேண்டாம். கிழித்துப் போட்டிருப்பேன், ஆனால் உங்கள் மாமியார் முழுவதையும் படித்துவிட்டு, “அப்படியே இருக்கட்டும்” என்று உறையில் போட்டு வைத்திருக்கிறாள். மெக்கானிக் பதினொன்றரைக்கு வந்தார். கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்து, “ஏன் சார் பிரேக்கை இந்த மிதி மிதிக்கிறீங்க? அதான் பின்சக்கரத்துல கட்டை வெச்சிருக்கே” என்றார். மேஜைக்கால் கட்டை. பதினாலு வருஷமாக ஸ்டெப்னிக்கு அடியில் இருந்திருக்கிறது. போகும்போதே வைத்துவிட்டுத்தான் போயிருக்கிறாள். தையல்காரரும் அதைப் பார்த்துத்தான் சிரித்திருக்கிறார், அவர் நல்ல மனிதர், பேண்ட் அங்கேயே தையுங்கள். “ஏன்டி சொல்லலே?” என்று கேட்டேன். “சொல்லியிருந்தா இறங்கி நீங்களே ரிப்பேர் பண்ணியிருப்பீங்க” என்றாள். அவ்வளவு நேரம் எங்கே போனாய் என்றதற்கு, மெக்கானிக் கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தாளாம். “நாப்பது வருஷத்துல ஒரு நாள் நீங்க காத்திருந்தா என்ன?” என்றாள். பால்காரர் விஷயம் உங்கள் அம்மா அப்பா இருவருக்கும் அந்த வாரமே தெரியுமாம், பால்காரருக்கும் தெரியுமாம், எனவே உங்கள் அப்பாவிடம் பக்குவமாகச் சொல்ல வேண்டிய வேலையும் இல்லை. சாவியை உங்களிடம் கொடுப்பதாக எழுதியது செல்லாது, ஏனென்றால் சாவி இப்போது என்னிடம் இல்லை. “மாப்பிள்ளைக்கு வேணும்னா என்கிட்ட வந்து கேக்கட்டும்” என்கிறாள். திங்கட்கிழமையிலிருந்து டிரைவிங் ஸ்கூலுக்குப் போகிறாள், பெயர் கொடுத்தாகிவிட்டது. மெக்கானிக் கியரைச் சரிபண்ணியதும் அவரைச் சீட்டில் உட்கார வைத்து, தானும் பக்கத்தில் ஏறிக்கொண்டு, என்னைப் பார்த்து, “கட்டையை உருவிட்டு வாங்க” என்றாள். உருவினேன். கார் ஒரே மூச்சில் மேலே போய் நின்று ஹாரன் அடித்தது. தூக்கிக்கொண்டு நடந்தேன். அந்தக் கட்டை நல்ல கனம் மாப்பிள்ளை. எனக்கு இதுவரை தெரியாது.