ஆகஸ்ட் மாதத்தின் கடைசி மூன்று நாள்

ஒரு மாதத்துக்கு எத்தனை நாள் என்று உலகத்தில் ஒருத்தருக்கும் தெரியாது. இதை நிரூபிப்பதற்கென்றே பிறந்தவர் எங்கள் 'எத்தனநாளு'. அவருடைய சொந்தப் பேர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருந்தது.

திருபுவனை தொழிற்பேட்டையில் பாட்டில் மூடி செய்யும் கம்பெனி. அதில் கம்ப்யூட்டர் செக்‌ஷன் என்று ஒரு அறை, இரண்டு பேர், ஒரு மின்விசிறி. பாகூரிலிருந்து தினமும் பைக்கில் வரும் அவர் டேட்டாபேஸைப் பார்த்துக்கொள்வார். மற்றதையெல்லாம் நான் பார்த்துக்கொண்டேன், அதாவது பிரிண்டரை.

மதகடிப்பட்டில் ஒரு செல்போன் கடை. ஒருநாள் மதியம் அவரோடு போன பாவத்துக்கு நான் பக்கத்தில் நின்றேன்.

"ஒரு மாசத்துக்கு ரீசார்ஜ் போடுப்பா."

"இருபத்தெட்டு நாளு சார்."

"நான் மாசம் கேட்டேன்."

"அதான் சார் மாசம்."

"எல்லா மாசமும் பிப்ரவரியா உன் கடையில?"

கடைக்காரர் ஷட்டரைப் பாதி இறக்கிய பிறகுதான் கிளம்பினார். கேன்டீனில் ஒருத்தர் மனைவிக்குப் பத்தாம் மாசம் என்று லீவு கேட்டுக்கொண்டிருந்தார். இவர் குறுக்கே புகுந்து, "ஆஸ்பத்திரில ஒம்போதுன்றான், உங்க வூட்ல பத்துன்றீங்க. கொழந்த யாரு கணக்குல வரும்?" என்றார். அந்த மனிதர் குழந்தைக்குப் பேர் வைக்கும்வரை இவரோடு பேசவில்லை. வில்லியனூரில் இவருக்குப் பெண் பார்க்கப் போனபோது, பெண்ணின் அப்பா மரியாதையாக "ஒரு மாசத்துல சொல்லி அனுப்புறோம்" என்றாராம். இவர் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "எத்தன நாளு மாமா?" என்று கேட்டார். பதில் அன்றைக்கே கிடைத்துவிட்டது.

இப்படிப்பட்டவரின் கையில்தான் கம்பெனியின் முக்கியமான பட்டியல் இருந்தது. காண்டிராக்டில் சேர்ந்து ஆறு மாதம் முடித்தவர்களின் பேர் மாதக் கடைசியில் அதில் வரவேண்டும். வந்தால் வேலை நிரந்தரம். ஆறு மாதம் முடிந்தும் பேர் வராவிட்டால் அன்றோடு காண்டிராக்ட் முடிந்து வீட்டுக்குப் போகவேண்டியதுதான்.

பட்டியல் வர முக்கால் மணி நேரம் ஆகும். கம்பெனி திறந்த நாளிலிருந்து வந்தவர், போனவர், ஓடினவர் எல்லாருடைய சேர்ந்த தேதியையும் ஒவ்வொன்றாக எடுத்து, ஆறு மாதம் கூட்டி, இன்றைய தேதியோடு ஒத்துப்பார்க்கும்படி அவர் எழுதியிருந்தார். மேனேஜர் கண்ணாடிக் கதவைத் தட்டித் தட்டியே கை வீங்கிப் போனார்.

எனக்கு மூளை இருப்பதாக நான் நம்பிக்கொண்டிருந்த காலம் அது. ஆயிரக்கணக்கான தேதிகளில் ஆறு மாதத்தைக் கூட்டுவானேன்? இன்றைய தேதியிலிருந்து ஒரே ஒரு தடவை ஆறு மாதத்தைக் கழித்துவிட்டு, அந்தத் தேதிவரை சேர்ந்து இன்னும் காண்டிராக்டில் இருப்பவர்களை எடுத்தால் போதாதா? தேதிகள் ஏற்கெனவே வரிசையாக அடுக்கித்தான் இருக்கின்றன. மேனேஜரிடம் சொன்னேன், தலையாட்டினார், மாற்றினேன். பிப்ரவரி இருபத்தெட்டாம் தேதி காலையில் இரண்டே விநாடியில் பட்டியல் வந்து விழுந்தது. மேனேஜர் என் முதுகில் தட்டி லட்டு வரவழைத்தார்.

எத்தனநாளு லட்டைத் தொடவில்லை. "தம்பி, ஆகஸ்ட் முப்பத்தொண்ணுல சேர்ந்தவங்களுக்கு ஆறு மாசம் கூட்டு."

"பிப்ரவரில முப்பத்தொண்ணு ஏதுண்ணா? இருபத்தெட்டோட நிக்கும்."

"இப்ப இருபத்தெட்டுலருந்து ஆறு மாசம் கழி."

"ஆகஸ்ட் இருபத்தெட்டு."

"நடுவுல மூணு நாளு எங்கப்பா போச்சு?"

நான் வாயில் லட்டோடு, "மூணு நாள்தானண்ணா" என்றேன். இதை எழுதும்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

மூன்று நாள் அன்று மதியமே ஜன்னலுக்கு வெளியே வந்து நின்றது. மூடி எண்ணும் பிரிவில் இருந்த வளர்மதி. ஆகஸ்ட் முப்பத்தொன்றில் சேர்ந்தவர். ஒருநாள்கூட லீவு எடுக்காதவர். "இன்னா சார், என் பேரு வரலியாமே, நான் இன்னா தப்பு பண்ணேன்?" என்று மெதுவாகத்தான் கேட்டார். நான் பிரிண்டரைத் திறந்து பேப்பரை எண்ணினேன்.

எத்தனநாளு பட்டியலை எடுத்து, அடியில் பேனாவால் வளர்மதி பேரை எழுதி, மேனேஜர் மேசையில் வைத்தார். கம்ப்யூட்டர் கொடுக்காத பேரைக் கையால் எழுதுவது எங்கள் கம்பெனியில் கொலைக்கு அடுத்த குற்றம். மேனேஜர் அதை அடித்துவிட்டு, இவருக்கு ஒரு மாத நோட்டீஸ் கொடுத்தார்.

"ஒரு மாசம்னா எத்தன நாளு சார்?"

"முப்பதுய்யா" என்று கத்தினார் மேனேஜர். அந்தக் கேள்விக்கு யோசிக்காமல் பதில் சொன்ன முதல் ஆள் அவர்தான். தப்பு என் கணக்கில்தான் என்று அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எனக்கு வேலை வேண்டியிருந்தது.

மார்ச் இருபத்தெட்டில் அடையாள அட்டையை வாங்க செக்யூரிட்டி வந்தார். "முப்பதுன்னு மேனேஜரே சொல்லிக்கீறாரு, இன்னும் ரெண்டு நாளு கீது" என்று அவரைத் திருப்பி அனுப்பினார் எத்தனநாளு. அந்த இரண்டு நாளும் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. முப்பதாம் தேதி சாயங்காலம் டிபன் கேரியரை எடுத்துக்கொண்டு, "வரேம்பா" என்று போய்விட்டார்.

மறுநாள் பட்டியலை ஓட்டினேன். இப்போதும் இரண்டே விநாடி. புரோகிராமின் உள்ளே பார்த்தால், என் கழித்தல் அப்படியே இருந்தது. ஆனால் அதில் அவர் மூன்று நாள் தாராளமாக விட்டு, கொஞ்சம் அதிகமாகவே பேர்களை அள்ளியிருந்தார். பிறகு அள்ளின அந்தச் சிலருக்கு மட்டும் தன் பழைய கூட்டலை வைத்துச் சலித்திருந்தார். வேகமும் போகவில்லை, ஆளும் விட்டுப்போகவில்லை. அதற்குப் பிறகு இன்றுவரை ஒரு பேர்கூட விடுபட்டதில்லை.

வளர்மதிக்கு அது உதவவில்லை. யாரும் அவரைத் திரும்பக் கூப்பிடவில்லை. இப்போது ஒரு ஜவுளிக்கடையில் நிற்கிறார். வழியில் பார்த்தால் அவர் சிரிக்கிறார், நான்தான் வேறு பக்கம் பார்க்கிறேன்.

எத்தனநாளு எழுதியதற்கு மேலே, மெஷின் படிக்காத, மனிதர்கள் மட்டும் படிக்கிற குறிப்பாக ஒரு வரி இருக்கிறது. "முன்பு இதில் மூன்று நாள் தொலைந்தது. தவறு என்னுடையது." கீழே அவருடைய சொந்தப் பேர்.

மாதக் கடைசியில் பட்டியலை ஓட்டுவதற்கு முன் அதைப் படிக்கிறேன். அவர் பேரை அழித்துவிட்டு என் பேரைப் போடவேண்டும். ஒவ்வொரு தடவையும் விரல் அதுவரை போய் நின்றுவிடுகிறது. பயம் பாதிதான். அதை எடுத்துவிட்டால் அந்த அறையில் அவர் இருந்ததற்கு வேறு எதுவும் மிச்சமில்லை.