முழங்காலோடு நிறுத்திய டெய்லர்

மட்டக்களப்பில் என் வயதுக்காரர்களுடைய முழங்கால்கள் ஊர் முழுவதற்கும் மனப்பாடம் என்றால், அதற்குப் பொறுப்பு ஒரே ஒரு மனிதர்தான். புளியந்தீவில் வாவிப் பக்கமாக இறங்கும் ஒழுங்கை ஒன்றில் அவர் தையல் கடை வைத்திருந்தார். சொந்தப் பெயர் கடைப் பலகையில் இருந்தது, யாரும் வாசித்ததில்லை. எங்களுக்கு அவர் முழங்கால் டெய்லர். பொடியன்களுக்கு அவர் தைத்த களிசான் எதற்கும் கால்கள் முழங்காலைத் தாண்டியதில்லை.

நீட்டுக் களிசான் தைக்கத் தெரியாதவர் அல்ல. அரசாங்கக் கச்சேரி உத்தியோகத்தர்களுக்கு அவர் தைத்த களிசான்களின் மடிப்பில் கை வெட்டுப்படும் என்பார்கள். பள்ளிக்கூடப் பொடியன் துணியோடு போனால் மட்டும் அவருக்குக் கண் மங்கும், நூல் முடியும், மெசின் பெல்ட் அறும்.

"துணி காணாது மனே."

"ரெண்டு பேருக்குக் காணும் எண்டு சொல்லித்தான் மாமா கடைக்காரன் தந்த."

"அவன் சொல்லுவான். அவனா தைக்கிற?"

அளவெடுக்கிற முறை அதைவிட அதிசயம். மற்ற டெய்லர்மார் நிற்க வைத்து அளப்பார்கள். இவர் வாங்குப் பலகையில் குந்தியிருக்கச் சொல்வார். இருந்தபடி எப்படி நீளம் பார்ப்பது என்று கேட்டால், "இருந்தா எல்லாரும் ஒரே உயரம்தான். எனக்கும் வேலை சுகம்" என்பார். ஒரு கிழமை கழித்துப் போனால் குறை சொல்ல முடியாத அரைக்களிசான் ஒன்று தயாராக இருக்கும். மிச்சத் துணி எங்கே என்று கேட்டால் காது கேட்காது. ஆள் துணியைத் திருடி விற்கிறார் என்று நாங்கள் ஏகமனதாக முடிவு செய்திருந்தோம்.

சண்டைக்கு ஆள் பிடிக்கிறவர்கள் உயரத்தைப் பார்த்துப் பொடியன்களைக் கொண்டுபோன காலம் அது. தாய்மார் அதற்குப் பயந்தார்கள். நாங்கள் பெட்டைகளுக்குப் பயந்தோம்.

பதின்மூன்று வயதில் நான் கட்டையன். பதினான்கு முடிவதற்குள் அப்பாவின் தலைக்கு மேலே போய்விட்டேன். காலெல்லாம் முடி. குரல் ஒரு சொல்லை அப்பாவின் குரலில் தொடங்கி அம்மாவின் குரலில் முடிக்கும். இத்தனை கூத்தும் அரைக்களிசானோடுதான் நடந்தது. ரியூசனில் பெட்டைகளின் வாங்கு எங்களுக்கு நேர் எதிரே. புத்தகப் பையை முழங்கால்களின் மேல் விரித்துப் போட்டுக்கொண்டு இரண்டு மணித்தியாலமும் அசையாமல் இருப்பேன். ஒருநாள் ஒருத்தி என் பக்கம் குனிந்து, "அந்தப் பைக்குள்ள புத்தகமும் வைக்கலாம்" என்றாள். அந்தக் கிழமை முழுக்க எனக்குக் காய்ச்சல் என்று வீட்டில் சொன்னேன்.

அந்த வருடக் கடைசியில் கடல் வந்தது. கல்லடியில் எங்கள் வீடிருந்த இடத்தில் கிணற்றுக் கட்டு மட்டும் மிஞ்சியது. நாங்கள் உயிரோடு மிஞ்சி, ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தோம். அங்கே வந்த உதவிப் பெட்டியொன்றில் எனக்குக் கிடைத்தது, பழுப்பு நிறத்தில் ஒரு நீட்டுக் களிசான். எந்த நாட்டு ராட்சதன் போட்டதோ, ஒரு காலுக்குள்ளேயே நான் முழுதாக இறங்கலாம். எனக்கென்று இருந்த ஒரே பொருள் அது. நெஞ்சோடு அணைத்துக்கொண்டு டெய்லரிடம் ஓடினேன்.

"இடுப்ப மட்டும் பிடிச்சுத் தாங்க மாமா. நீளத்த நான் மடிச்சுப் போடுவன்."

அவர் துணியைத் தடவிப் பார்த்தார். "நல்ல துணி. நாளைக்கு வா."

மறுநாள் இடுப்பை அளவாகப் பிடித்திருந்தார். பொக்கற்றும் சரி. கால்கள் முழங்காலோடு நின்றன.

வீட்டைக் கடல் கொண்டுபோனபோது அழாத நான், அந்தக் கடை வாங்கில் இருந்து விம்மி விம்மி அழுதேன். வீட்டுக்கும் சேர்த்துத்தான் அழுதேன் என்று இப்போது விளங்குகிறது. அன்றைக்கு விளங்கியது ஒன்றுதான். "நீங்க துணிக் கள்ளன்" என்று கத்திவிட்டு, களிசானை அவருடைய மெசின் மேல் எறிந்தேன். அவர் அதை எடுத்து உதறி மடித்து வைத்தார்.

"தேத்தண்ணி ஒண்டு குடிச்சிட்டுப் போ மனே."

நான் குடிக்கவில்லை.

ஒன்றரை வருடத்துக்குப் பிறகு, கிரானில் பெரியம்மா வீட்டுக்குப் போய்விட்டு, நானும் என் வகுப்புச் சுதனும் பஸ்ஸுக்கு நின்றோம். சுதன் என்னைவிட நாலு விரல் கட்டை, மூன்று மாதம் இளையவன். ஆனால் கட்டாரிலிருந்து அவனுடைய மாமா அனுப்பிய நீல ஜீன்ஸ் போட்டிருந்தான். வழி முழுக்க நான் அதையே பார்த்துப் பொருமிக்கொண்டு வந்தேன். வான் வண்டி ஒன்று எங்கள் பக்கத்தில் வந்து நின்றது. இறங்கியவன் என்னை மேலிருந்து கீழே பார்த்தான். முழங்காலில் அவன் பார்வை நின்றது.

"எத்தனையாம் வகுப்பு?"

"எட்டு" என்று பொய் சொன்னேன். குரல் நல்ல நேரம் பார்த்துக் கீச்சிட்டது.

அவன் சிரித்துவிட்டான். "பாலகன்தான். சும்மா நீண்டு போய்க் கிடக்கான். போ வீட்ட."

சுதனை ஏற்றிக்கொண்டு போனார்கள். அவன் திரும்பி வரவில்லை.

அன்று அம்மா என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சொன்னா: "முழங்காலோட நிப்பாட்டுங்க எண்டு டெய்லர் அண்ணனிட்ட நான்தான் போய்ச் சொன்ன. நான் மட்டுமில்ல, எல்லாத் தாய்மாரும் போன. நீங்க துணியக் கொண்டு போறத்துக்கு முன்னுக்கே நாங்க போயிருவம். பொடியனுகள் என்ன ஏசினாலும் நான் பாத்துக் கொள்ளுறன் எண்டு அவர் சொன்னவர்."

அதற்குப் பிறகு நான் அந்த ஒழுங்கையால் போகவில்லை. கள்ளன் என்று சொன்ன வாயை வைத்துக்கொண்டு எப்படிப் போவது? சந்தைக்கும் சுற்றிக்கொண்டு போனேன். யுத்தம் முடிந்து, வான் சத்தத்துக்குத் தாய்மார் எட்டிப் பார்ப்பது நின்ற பிறகுதான் எனக்குத் துணிவு வந்தது. அப்போது எனக்குப் பத்தொன்பது வயது.

கடை வாசலில் தலை குனிந்து நுழைந்தேன். டெய்லர் மெலிந்திருந்தார். கண்ணாடியைத் தூக்கி என்னைப் பார்த்தார்.

"வந்திட்டியா? உன்ட சாமான் இரிக்கு. கள்ளன் பத்திரமா வைச்சிருக்கன்."

அலுமாரியைத் திறந்தார். உள்ளே சின்னச் சின்னத் துணிப் பொட்டலங்கள், ஒவ்வொன்றிலும் கடதாசித் துண்டில் ஒரு பெயர். எங்கள் மிச்சத் துணியெல்லாம் அங்கேதான் இருந்தது. என் பொட்டலத்தைத் தேடும்போது சுதனின் பெயர் மேலே வந்தது. அதை அவர் மெல்ல எடுத்து, இருந்த இடத்திலேயே வைத்தார்.

"தாய் வந்து கேட்டாக் குடுப்பன்" என்றார். "கேக்காட்டிக் கிடக்கட்டும்."

பிறகு என் பழுப்புக் களிசானையும், அதிலிருந்து வெட்டிய இரண்டு கால்களையும் மேசையில் போட்டார்.

"மாமா, அண்டைக்கு நான் சொன்னத்துக்கு..."

"அத விடு. அண்டைக்கு அழாட்டித்தான் எனக்குப் பயமா இரிந்திருக்கும். இப்ப இதப் பொருத்தி, இடுப்பையும் இளக்கித் தாறன். முழங்காலில தையல் தெரியும். பரவாயில்லையா?"

"தெரியட்டும் மாமா."

பழைய பழக்கத்தில் நான் போய் வாங்கில் இருந்தேன். அவர் அளவு நாடாவைக் கழுத்திலிருந்து எடுத்தார்.

"இருக்க வேணாம்" என்றார். "எழும்பி நில்லு மனே."

நின்றேன். என் இடுப்பிலிருந்து கணுக்கால் வரை நாடாவைப் பிடித்துக்கொண்டு அவர் குனிந்தபோது அந்த நரைத்த தலையைப் பார்த்தேன். இந்த ஊரில் எனக்கு ஆகப் பிடித்த மனிதர் இவர்தான்.