தலைகீழ் அம்புக்குறி

"அம்புக்குறி எந்தப் பக்கம் பாக்குது?" என்று கேட்டார் முதலாளி.

மேனேஜர் தங்கள் கம்பெனியில் செய்த அட்டைப்பெட்டியைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். 'இந்தப் பக்கம் மேலே' என்று கொட்டை எழுத்தில் அச்சாகியிருந்தது. அதன் பக்கத்திலிருந்த அம்பு தரையைக் காட்டிக்கொண்டு நின்றது.

"கீழ பாக்குது சார்."

"லாரியில ஏத்துறவன் எழுத்தையா படிச்சுக்கிட்டு இருப்பான்? அம்பைப் பாத்துக் கவுத்து வெச்சிருக்கான். டம்ளர் கம்பெனிக்காரன் பெட்டியைப் பிரிச்சா, உள்ள கண்ணாடித் தூள்தான் இருந்துச்சாம்."

"டிசைன் போடுற பொண்ணு செஞ்ச தப்பு சார்."

"மாதிரிப் பெட்டிக்குச் சரின்னு கையெழுத்து போட்டது நீங்க. போகட்டும், தப்பு யாருக்கும் வரும். ஆனா அந்தப் பொண்ணு இதைப் பாத்திருக்கு. அச்சு மாஸ்டர் பாத்திருக்காரு. ஒட்டுறவங்க, கட்டுறவங்க எல்லாரும் பாத்திருக்காங்க. ஒருத்தர் கூட உங்ககிட்ட வாயைத் திறக்கல. ஏன்?"

"கவனிச்சிருக்க மாட்டாங்க சார்."

"நானே கேட்டேன். எல்லாரும் கவனிச்சிருக்காங்க."

மேனேஜர் அம்பு மேலே பார்க்கும்படி பெட்டியைத் திருப்பி மேஜையில் வைத்தார்.

"அடுத்தது மருந்துக் கம்பெனி ஆர்டர். அங்க இப்படி ஆச்சுன்னா கடையைச் சாத்த வேண்டியதுதான். நீங்க எப்படிப்பட்ட ஆளுன்னு கொஞ்சம் தெரிஞ்சுக்கிட்டு, வெள்ளிக்கிழமை வந்து எனக்கும் சொல்லுங்க. முடியலைன்னா, அந்த நாற்காலிக்கு நான் வேற ஆளைப் பாத்துக்கறேன்."

நாற்காலி போய்விடும் என்றால் யார்தான் திருந்த மாட்டார்கள்? மேனேஜர் அந்த நிமிஷமே திருந்த ஆரம்பித்தார். கீழே இறங்கியதும் எல்லா மிஷினையும் நிறுத்தச் சொல்லி, ஆட்களை வரிசையாக நிற்க வைத்தார்.

"நான் என்ன சிங்கமா, புலியா? எதுக்கு என்னைப் பாத்துப் பயப்படறீங்க? மனசுல இருக்கறதை வெளிப்படையா சொல்லுங்க!"

பசை வாளியில் ஈ விழுந்தால் கேட்கும். அவ்வளவு அமைதி.

"சொல்லுங்கன்னா சொல்லணும்! மாஸ்டர், நீங்க ஆரம்பிங்க."

அச்சு மாஸ்டர் மை படிந்த கையைக் கட்டிக்கொண்டார். "உங்களை மாதிரி மேனேஜர் கிடைக்க நாங்க குடுத்து வெச்சிருக்கணும் சார்."

"அப்புறம் ஏன்யா அம்பைப் பத்தி சொல்லல?"

"நீங்க கையெழுத்து போட்டுட்டீங்களே சார். இனிமே மேலன்னா கீழதான் போலன்னு நெனச்சுக்கிட்டோம்."

மேனேஜர் பல்லைக் கடித்தார். "என்னைப் பாத்து யாருக்கெல்லாம் பயமோ, அவங்க கையைத் தூக்குங்க!"

ஒரு கையும் எழவில்லை. ஆக, யாருக்கும் பயமில்லை என்று அவர் எடுத்துக்கொண்டார். தன்னைப் பற்றிய ஆராய்ச்சியில் அவர் கண்ட முதல் முடிவு அதுதான்.

அன்று சாயங்காலம் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டது. தினமும் கேட்கும். அவர் நுழையும் நேரத்துக்கு மனைவியும் மகளும் கூடத்தில் உட்கார்ந்து எதையாவது பேசிச் சிரித்துக்கொண்டிருப்பார்கள். மாமியாரும் சிரிப்பார். காது மந்தம் என்பதால் அவருடைய சிரிப்பு மட்டும் கொஞ்சம் தாமதமாக வந்து சேரும். வெளியே எத்தனை அடி விழுந்தாலும், இந்தச் சிரிப்பைக் கேட்டால் மேனேஜருக்கு மனசு ஆறிவிடும்.

"ஏம்மா, என்னைப் பாத்தா பயப்படற மாதிரியா இருக்கு?" என்று மனைவியைக் கேட்டார்.

"உங்களைப் பாத்தா? பயமா?" மனைவி சிரித்தாள். மகளும் சிரித்தாள். கொஞ்சம் பொறுத்து மாமியாரும் சிரித்தார்.

அப்படியானால் கோளாறு கம்பெனியில்தான். மேனேஜர் நிம்மதியாகச் சாப்பிட்டார்.

காரில் போகும்போது போனில் ஓடவிடும் நிர்வாகச் சொற்பொழிவு ஒன்றில் அவர் கேட்டிருக்கிறார்: தலைவனின் கதவு எப்போதும் திறந்தே இருக்க வேண்டும். மறுநாள் தச்சரை வரச்சொல்லித் தன் அறைக் கதவைக் கழற்றவே வைத்துவிட்டார்.

அதுவரை கதவு சாத்தியிருந்த நேரத்திலாவது ஆட்கள் தங்களுக்குள் நாலு வார்த்தை பேசிக்கொண்டிருந்தார்கள். இப்போது அதுவும் போயிற்று. எல்லாம் கைச்சாடை, கண்சாடை. ஒட்டும் பிரிவிலிருந்து ஒரு அம்மா 'பசை தீரப்போகுது' என்று கட்டைவிரலையும் ஆட்காட்டி விரலையும் நெருக்கிக் காட்டினாள். வெட்டும் மிஷின்காரர் 'அளவைக் குறை' என்று புரிந்துகொண்டார். மத்தியானத்துக்குள் ஒரு கட்டு அட்டை, எந்தப் பெட்டிக்கும் ஆகாத அளவில் வெட்டுப்பட்டுக் கிடந்தது.

"வாய் எதுக்கு இருக்கு? பேசினா முத்தா உதிர்ந்துடும்?" என்று மேனேஜர் கத்தினார். கதவு இல்லாததால் அது தெருவரைக்கும் போனது.

சரி, அவர்கள் நம்மிடம் வராவிட்டால் நாம் அவர்களிடம் போவோம். டீ நேரத்தில் தன் டம்ளரை எடுத்துக்கொண்டு ஆட்களின் பெஞ்சில் போய் உட்கார்ந்தார். பேச்சு நின்றது. இறுக்கத்தைத் தளர்த்த ஒரு ஜோக்கை எடுத்துவிட்டார்.

"ஒருத்தன் டாக்டர்கிட்ட போனானாம்..."

எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"இன்னும் முடியலையேப்பா."

"பரவால்ல சார். இதுவே தாங்கல!" என்றார் மாஸ்டர், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

அடுத்த நாள் டீ அறை காலி. ஆளுக்கொரு டம்ளரோடு மிஷின் பக்கத்திலேயே நின்று குடித்தார்கள். யாரோ ஒருவரின் டீ, மருந்துக் கம்பெனிக்கு அனுப்ப வைத்திருந்த மாதிரிப் பெட்டி மேல் கொட்டியது. யார் கொட்டியது என்று யாரும் சொல்லவில்லை. சொல்லவில்லை என்பதற்காக அவர் கத்தினார். கத்தியதால் இன்னும் சொல்லவில்லை. இப்படியே வியாழக்கிழமை வந்துவிட்டது.

அன்று டிசைன் போடும் பெண் கதவில்லாத அறை வாசலில் வந்து நின்றாள். தட்டக் கதவு இல்லாததால் சுவரைத் தட்டினாள்.

"வேலையை விடறேன் சார். வேற இடத்துல கிடைச்சிடுச்சு."

மேனேஜர் எழுந்தே நின்றுவிட்டார். "நீயாவது ஒரு உண்மையைச் சொல்லிட்டுப் போம்மா. ஏன் யாரும் என்கிட்ட பேச மாட்டேங்கறாங்க?"

அவள் யோசித்தாள். போகிறவளுக்கு என்ன பயம்?

"உங்ககிட்ட ஒரு தப்பைச் சொன்னா, அந்தத் தப்பு சொன்னவங்களோடது ஆயிடுது சார். போன வருஷம் மை சாயம் போகுதுன்னு நான்தான் வந்து சொன்னேன். ஒரு வாரம் என்னைத்தான் திட்டினீங்க. நான் மை வாங்கறதே கிடையாது."

"அது... அப்ப எனக்கு ஏதோ டென்ஷன்."

"எப்பவும் ஏதோ டென்ஷன்தான் சார். அதான் வாட்ச்மேன் கேட்டைத் தட்டறாரு."

"என்னது?"

"நீங்க கோவமா வந்தா கேட் கம்பியில சாவியால ஒரு தட்டு. ரொம்பக் கோவமா வந்தா ரெண்டு. நாங்க அதுக்கேத்த மாதிரி இருந்துக்குவோம்."

மேனேஜருக்கு முகம் சிவந்தது. ஆனாலும் கேட்டார்: "சந்தோஷமா வந்தா?"

"அதுக்கு எதுவும் வெக்கல சார். இதுவரைக்கும் தேவைப்படல."

அவள் போனதும் மேனேஜர் நாற்காலியில் சாய்ந்தார். அவள் சொன்னதில் பெரிய விஷயம் முதலில் வந்தது. அதை அவர் அப்படியே விட்டுவிட்டு, கடைசியில் வந்த சின்ன விஷயத்தைப் பிடித்துக்கொண்டார். மனுஷனுக்கு எது சுலபமோ அதுதானே கையில் அகப்படும்! ஆக, கோளாறு கேட்டில் இருந்திருக்கிறது. ஒரு வாட்ச்மேன் சாவியை வைத்துக்கொண்டு, இல்லாத பயத்தை எல்லாருக்கும் கிளப்பிவிட்டிருக்கிறான். வெள்ளிக்கிழமைக்கு முதலாளியிடம் சொல்லப் பதில் கிடைத்துவிட்டது.

நேரே கேட்டுக்குப் போனார். வாட்ச்மேன் எழுந்து சல்யூட் வைத்தார்.

"இனிமே நான் வர்றது போறது பத்தி யாருக்கும் ஒரு வார்த்தை போகக்கூடாது. புரியுதா?"

வாட்ச்மேன் தலையைச் சொறிந்தார். "வர்றது சரி சார். போறது கூடவா?"

"போறதும்தான்!"

"யாருக்குமே வேண்டாமா சார்? எதுக்கும் ஒரு தடவை யோசிச்சு..."

"யாருக்குமேன்னா யாருக்குமே! தட்டறது, கூப்பிடறது, போன் பண்றது, ஒண்ணும் கிடையாது. மீறினா உன் வேலை போயிடும்."

"சரிங்க சார்," என்றார் வாட்ச்மேன். ஏனோ அவர் முகத்தில் பயத்தைவிடப் பாவப்படுகிற பார்வைதான் அதிகமாக இருந்தது. மேனேஜர் அதைக் கவனிக்கவில்லை. கவனிப்பது அவர் வழக்கமும் இல்லை.

அன்று சாயங்காலம் கார் ஓட்டிக்கொண்டே நாளைக்குப் பேசவேண்டியதை ஒத்திகை பார்த்தார். "ஊரே என்னைத் தப்பாப் புரிஞ்சுக்கிட்டாலும், என் வீட்டுக்கு ஒரு நாள் வந்து பாருங்க சார். நான் எப்படிப்பட்ட ஆளுன்னு தெரியும்." இந்த வரி அவருக்கே பிடித்துப்போயிற்று. இரண்டு முறை சொல்லிப் பார்த்தார்.

படி ஏறும்போது ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. பக்கத்து வீட்டில்தான் என்று நினைத்தார். மூச்சு முட்ட, பேச முடியாமல் சிரிக்கும் பெண் குரல். நடுவில் "போதும்டி, வயிறு வலிக்குது" என்ற கெஞ்சல். இப்படிச் சிரிக்கிறவர்களும் இருக்கிறார்களே, கொடுத்து வைத்த வீடு என்று தோன்றியது. வாசலுக்கு வந்த பிறகுதான் அது தன் வீடு என்பதும், சிரிப்பது தன் மனைவி என்பதும் புரிந்தது. இத்தனை வருஷத்தில் அவர் அந்தச் சிரிப்பைக் கேட்டதே இல்லை.

சாவியைப் போட்டுத் திறந்தார்.

சிரிப்பு பாதியில் அறுந்தது. சோபா முழுக்கத் துணி இறைந்து கிடந்தது. மகள் தரையில் கால் நீட்டிப் படுத்திருந்தவள் விருட்டென்று எழுந்தாள். மனைவி கையிலிருந்த தட்டை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றாள். இந்த அமைதியை எங்கோ பார்த்திருக்கிறோம் என்று அவருக்குத் தோன்றியது. எங்கே என்று நினைவு வந்ததும் கையிலிருந்த சாவியைச் சத்தம் வராமல் பைக்குள் போட்டார்.

"வாங்க," என்றாள் மனைவி. பிறகு மகளைப் பார்த்தாள். மகள் அம்மாவைப் பார்த்தாள். இருவரும் சேர்ந்து சிரித்தார்கள், தினமும் சிரிக்கும் அந்தச் சிரிப்பை.

மாமியார் மட்டும் சிரிக்கவில்லை. மனைவியின் காதருகே குனிந்தார். காது மந்தமானவர் சொல்லும் ரகசியம், அது வீடு முழுக்கக் கேட்டது:

"ஏண்டி, மாப்பிள்ளை கிளம்பிட்டாருன்னு வாட்ச்மேன் இன்னிக்கு போன் பண்ணவே இல்லையே!"