எலிக்குச் சொன்ன வைத்தியம்

அன்புத் தங்கைக்கு,

நீயும் மாப்பிள்ளையும் குழந்தைகளும் குறைவில்லாமல் இருக்க வேண்டும். இங்கே உன் அண்ணி சுகம். உன் அண்ணன் சுகமில்லை. அதற்குக் காரணமே நீ என்பதால்தான் இந்தக் கடிதம்.

ஸ்பேர் பார்ட்ஸ் குடோனில் முப்பத்தொரு வருஷமாக எது எந்த ரேக்கில் என்று கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக் கொடுத்தவன் நான். புதிதாக வந்த மேனேஜர் அத்தனையையும் கலைத்து மாற்றி அடுக்கிவிட்டு, "ஒரு மாசத்துல புது இடமெல்லாம் மனப்பாடம் ஆகணும், இல்லாட்டி வீட்டுக்குக் கிளம்புங்க" என்றார். ஓய்வுபெற இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறதே என்று உடனே உனக்குப் போன் செய்தேன். மூளை ஆராய்ச்சிக்காரி நீ என்ன சொன்னாய்? "அண்ணா, வளர்ந்த எலிக்கும் மூளையில புது செல் பொறக்குது. தினமும் ஓடினா நிறையப் பொறக்குது, புதுசா நல்லா கத்துக்குது. மனுஷனுக்கும் அப்படித்தானான்னு எங்களுக்குள்ளயே இன்னும் சண்டை. எதுக்கும் ஓடிப் பாரேன்." நம்பி ஓடினேன், தாயே. முதல் நாள் நாய் துரத்தியது. அன்றைக்குக் கொஞ்சம் அதிகமாகவே செல் பிறந்திருக்கும். இரண்டாம் நாள் செருப்பு அறுந்தது, மூன்றாம் நாள் முட்டி வீங்கியது, உன் அண்ணி எண்ணெய் தேய்த்துக்கொண்டே "இந்த வயசுல எலியோட போட்டியா?" என்று கேட்டாள். குடோனிலோ கை பழைய ரேக்குக்கே போனது. கிளட்ச் கேட்ட மெக்கானிக்கிடம் பக்கக் கண்ணாடியை எடுத்துக் கொடுத்தேன். அவர் அதை என் முகத்துக்கு நேரே பிடித்து, "இது யாருன்னாவது தெரியுதா?" என்றார். அழுகையே வந்துவிட்டது.

அப்படியும் விடாமல் ஓடியதில் மூன்றாம் வாரம் புது இடங்கள் பிடிபட்டன. சந்தோஷமாக உனக்குச் சொன்னால், "ஜாக்கிரதை அண்ணா, ஓடின எலிங்க பழசை மறந்துடுது, புது செல் வந்து பழைய ஞாபகத்தைக் கலைச்சுடுதோன்னு பார்க்கிறோம்" என்கிறாய். இதை முன்னாடியே சொன்னால் வாய் வலிக்குமா? யோசித்துப் பார்த்தேன். பழைய இடம் ஒன்றுகூட நினைவில்லை. முப்பத்தொரு வருஷம், தங்கச்சி! மனசு ஆறவே இல்லை. போகட்டும், வேலையாவது மிஞ்சியது.

மருமக்களுக்கு என் ஆசிகள்; அவர்களையாவது ஓட விடாதே. உன் எலிகளுக்கு என் ஆழ்ந்த அனுதாபம்.

இப்படிக்கு,
உன் அண்ணன்

பின்குறிப்பு: கடிதத்தை உறையில் போடும்போது முதலாளி கூப்பிட்டார். மேனேஜர் வேலையை விட்டுப் போய்விட்டாராம். "நாளையிலேருந்து எல்லாம் பழையபடி. பழைய இடமெல்லாம் உங்க ஒருத்தருக்குத்தானே அத்துப்படி? நீங்க சொல்லச் சொல்ல ஆளுங்க அடுக்கட்டும்" என்று தோளில் தட்டினார். நானும் தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். தங்கச்சி, பேரிங் எந்த ரேக்கில் இருந்தது என்று உன்னிடம் எப்போதாவது சொல்லியிருக்கிறேனா?