அஞ்சரைக் கட்டை

ஒரு கட்டையைத் தட்டிப் பார்த்தாலே அதன் பூர்வீகத்தைச் சொல்லிவிடுவார் முத்தரசு. பர்மா தேக்கா, நாட்டுத் தேக்கா, எந்த வீட்டு நிலை, எத்தனை மழை பார்த்தது, எல்லாம் ஒரு தட்டில் தெரிந்துவிடும். பிரித்த வீட்டுச் சாமான் விற்கும் கடைகள் காரைக்குடியில் நிறைய உண்டு. ஆனால் தூணைத் தட்டிவிட்டுக் கண்ணை மூடிக் கேட்கிற முதலாளி அவர் ஒருவர்தான். அந்தப் பெருமையில் எங்கே போனாலும் நெஞ்சு முதலில் போகும், ஆள் பின்னால் போவார்.

சபைக் கமிட்டிக் கூட்டத்திலும் அந்த நெஞ்சுதான் முதலில் எழுந்தது. கீபோர்டு வாசித்தவர் மாற்றலாகி ஓசூர் போய்விட்டார். ஐந்து வாரமாக ஆராதனையில் பாட்டு ஆளுக்கொரு பக்கம் இழுத்துக்கொண்டிருந்தது. ஆண்கள் பக்கம் பாடி முடித்து உட்காரும்போது பெண்கள் பக்கம் இரண்டாம் சரணத்தில் இருக்கும். யாராவது பொறுப்பெடுப்பீர்களா என்று பாஸ்டர் ஐயா கேட்டு முடிப்பதற்குள், அறுப்பின் பண்டிகையிலிருந்து தானே தனியாளாகக் கிட்டார் வாசித்துப் பாட்டு நடத்துவதாக முத்தரசு அறிவித்துவிட்டார். கல்லூரி விடுதியில் அவர் கிட்டாரில் மூன்று கார்டு பிடிக்கக் கற்றுக்கொண்டது இருபத்தைந்து வருடத்துக்கு முன்னால். அதில் இரண்டு ஞாபகம் இருந்தது.

வீட்டுக்கு வந்து மனைவி பொன்னழகிடம் சொன்னார். அவள் மாவு பிசைந்துகொண்டே "சரிங்க" என்றாள்.

பொன்னழகு "சரிங்க" என்றால் பேச்சு முடிந்தது என்று அவர் நினைத்துக்கொள்வார். அங்கேதான் அவள் வேலை தொடங்குகிறது என்பது பதினெட்டு வருடக் கல்யாண வாழ்க்கையில் அவருக்கு இன்னும் பிடிபடவில்லை. போன வருடம் அவளும் இதையேதான் கேட்டாள். பெண்கள் ஐக்கியத்தில் பாட்டு எடுத்துக்கொடுப்பவள் அவள்தான். கிட்டார் பழகிக்கொண்டு ஆராதனையில் பாடட்டுமா என்றாள். மாவு பிசைகிற கைக்குக் கம்பி எதற்கு என்று சிரித்துவிட்டார். அன்றைக்கும் "சரிங்க"தான்.

அதற்கப்புறம் எதிர் வீட்டு நாகவல்லி டீச்சரிடம் கைவேலை பழகப் போவதாகச் சொல்லி மாலையில் போய்வர ஆரம்பித்தாள். அவளுடைய இடது கை விரல் நுனிகள் காய்த்துப்போயிருந்ததை முத்தரசு கவனிக்காமல் இல்லை. ஊசி குத்திய காய்ப்பு என்று நினைத்து, மனசு கேட்காமல், தையல்காரர்கள் விரலில் மாட்டும் இரும்புத் தொப்பி ஒன்றைத் தேவகோட்டையிலிருந்து வாங்கிவந்து கொடுத்தார். கொடுத்ததைக் கடைக்கு வந்த நாலு பேரிடமும் சொன்னார்.

கிட்டார் வாங்க மதுரைக்குப் போனார்கள். பொன்னழகைக் கூட்டிப்போனது பை தூக்க.

கடைக்காரர் இராமு பொறுமையான மனிதர். "தனியாளா நடத்தப் போறீகன்னா டிரம்ஸும் கெடயாது, கீபோர்டும் கெடயாது. இது ஒண்ணுதான் மொத்தப் பாட்டையும் தூக்கி நிறுத்தணும். பிக்கப் வச்சதாப் பாப்பமா?"

"பிக்கப் நம்மகிட்டயே ரெண்டு நிக்கிது. தேக்குத் தூணையே ஏத்திட்டு வாரோம், இத ஏத்த முடியாதா?"

பிக்கப் என்பது கிட்டாருக்குள் இருந்து ஓசையை ஸ்பீக்கருக்கு அனுப்புகிற சமாச்சாரம் என்று இராமு விளக்கினார். அதுவும் தனக்குத் தெரியும் என்பது போல முத்தரசு தலையை ஆட்டினார்.

பிறகு தட்ட ஆரம்பித்தார். கடையிலிருந்த ஒவ்வொரு கிட்டாரையும் தட்டினார். தட்டுவதற்கு ஒரு கை வேண்டும், காதருகே குவித்துக்கொள்ள ஒரு கை வேண்டும். அதனால் கிட்டாரைப் பிடித்துக்கொள்ளும் வேலை பொன்னழகுக்கு வந்தது. பெரிய உடம்புள்ளது வந்தால் அவளுக்கு ஓசை பிடிக்கவில்லை. கழுத்து தடித்தது வந்தால் உள்ளே எங்கோ புழு இருப்பது போலத் தோன்றியது. கடைசியில், இடுப்பு ஒடுங்கி, கழுத்து மெலிந்து, அவள் கைக்குள் அடக்கமாக உட்கார்ந்த ஒன்றைத் தட்டியபோது, "இது கோயில் மணி மாதிரில்ல கேக்குது" என்றாள். முத்தரசுக்கும் அப்படியே கேட்டது. மனைவிக்கும் மரம் பிடிபட ஆரம்பித்ததில் அவருக்கு ஏக சந்தோஷம்.

"சரி, எந்தக் கட்டையில பாடுவீக?" என்று கேட்டார் இராமு.

"நமக்கு எப்பவும் பர்மா தேக்குதான்."

இராமு நாக்கைக் கடித்துக்கொண்டார். பாடுகிறவர்களுக்குக் கட்டை என்றால் சுருதி. ஆண் குரல் ஒன்றிலும் இரண்டிலும் நிற்கும். ஐந்துக்கு மேலே பெண் குரல். பெரிய மனிதரிடம் அதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல், "இல்ல, ஒண்ணரையா, ரெண்டா, அஞ்சரையான்னு கேட்டேன்" என்றார்.

முத்தரசு மனைவியைப் பார்த்தார்.

"நம்ம சபை பெரிய சபைங்க" என்றாள் பொன்னழகு.

"அஞ்சரையே போடுப்பா. சின்னக் கட்டைய வச்சுக்கிட்டு நான் என்ன செய்ய?"

இராமு பொன்னழகைப் பார்த்தார். அவள் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் கிட்டாரின் கழுத்தில் முதல் கட்டத்தில் சுருதியை ஏற்றும் ஒரு கிளிப்பைக் கவ்வவைத்து, அஞ்சரைக்குச் சுருதி சேர்த்துக் கொடுத்தார்.

வீட்டில் பாடிப் பார்த்தபோது பல்லவியே நுனிக்காலில் நின்றது. சரணத்துக்கு ஏணி வேண்டியிருந்தது. கிளிப்பின் மேல் சந்தேகம் வந்து அதில் கை வைத்தார்.

"அதக் கழட்டாதீக. கழுத்துக் கட்டை விலகிரும்" என்றாள் பொன்னழகு.

கட்டை விலகுவது என்ன கேடு என்பது முத்தரசுக்குத் தெரியாதா? கையை எடுத்துவிட்டார். பண்டிகைக்குக் குரலைச் சேமித்துவைக்கச் சொல்லி அவள் சுக்குக் கஷாயம் வைத்துக் கொடுத்தாள். பண்டிகைக்கு இருந்த இரண்டு வாரமும் வாயைத் திறக்காமல் விரலை மட்டும் பழக்கினார்.

பண்டிகை ஞாயிறு. பீடத்தைச் சுற்றிப் பூசணி, கரும்பு, வாழைத்தார், காணிக்கையாக வந்த நாலு சேவல். பட்டுக்கரை வேட்டியில் முத்தரசு கிட்டாரை மாட்டிக்கொண்டு நின்றார். பல்லவி எப்படியோ தப்பியது. சரணத்தில் குரல் மேலே ஏறி, அங்கேயே உடைந்தது. ஒரு சேவல் மட்டும் பதில் கொடுத்தது.

பொன்னழகு தண்ணீர்ச் செம்போடு வந்தாள். "கிட்டார இங்குட்டுக் குடுத்துட்டு நிதானமாக் குடிங்க."

கொடுத்தார். குடித்துவிட்டு நிமிர்ந்தபோது வார் அவள் தோளில் இருந்தது, விரல்கள் கம்பியில் இருந்தன. எந்தச் சரணத்தில் அவர் குரல் உடைந்ததோ, அதே சரணத்தை அவள் எடுத்தாள். அஞ்சரைக் கட்டை, அவள் குரலுக்கென்றே இழைத்தது போல இருந்தது. ஏழெட்டு வாரத்துக்குப் பிறகு ஆண்கள் பக்கமும் பெண்கள் பக்கமும் ஒரே நேரத்தில் பாட்டை முடித்தன.

முத்தரசு செம்பும் கையுமாக நின்றார். வெட்கம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. கண் கலங்கியது, நெஞ்சு வழக்கத்தைவிட இன்னும் ஓர் அங்குலம் முன்னால் போனது. பக்கத்திலிருந்த கமிட்டிக்காரர் சின்னக்கண்ணு காதில், "கிட்டாரு நான் தட்டிப் பாத்து எடுத்தது" என்றார். அடுத்த வாரத்திலிருந்து சகோதரி பொன்னழகே ஆராதனையில் பாட்டு நடத்துவார் என்று பாஸ்டர் ஐயா அறிவித்தபோது முதலில் கைதட்டியதும் அவர்தான்.

அசனச் சாப்பாட்டுக்கு நாகவல்லி டீச்சரும் வந்திருந்தார். "என் பழைய கிட்டார்ல எட்டு மாசம் படிச்ச படிப்பு வீண் போகல" என்று அவர் பொன்னழகின் இடது கை விரல்களைத் தடவிக்கொடுத்தார். முத்தரசுக்கு அந்த இரும்புத் தொப்பி ஞாபகம் வந்தது. சோறு இறங்கக் கொஞ்ச நேரமாயிற்று.

பிக்கப்பில் வீடு திரும்பும்போது பொன்னழகு கிட்டாரின் கழுத்திலிருந்த கிளிப்பைச் சர்வசாதாரணமாகக் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டாள். முத்தரசு பதறிப்போனார்.

"ஏ, கட்டை விலகிரும்னியே?"

"விலக வேண்டிய கட்டைதான் விலகிருச்சேங்க."