ஏழு அறை அரண்மனையைக் கண்டுபிடித்தவர்

மண்ணில் கால் வைக்காமலேயே மண்ணுக்குள் இருப்பதைச் சொல்லிவிடுகிற மனிதர்கள் நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் பெருகிவிட்டார்கள். நீங்களும் பார்த்திருப்பீர்கள். கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்திருக்கும்போது பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்து, செல்போனை உங்கள் மூக்குக்கு நேரே நீட்டி, "இது என்னண்ணு தெரியுதா?" என்று கேட்பவர் அவர்தான். பச்சையாக ஏதோ தெரியும். வயல் என்பீர்கள். அவர் உங்களைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டு இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்குவார். பச்சை இன்னும் பெரிதாகத் தெரியும். "கோட்டை" என்பார்.

ஆகாயத்திலிருந்து எடுத்த படங்களில் பயிரின் நிறம் மாறியிருக்கும் இடங்களைப் பார்த்து, அடியில் புதைந்த பழைய மதில்களையும் அகழிகளையும் அடையாளம் காணும் வித்தை ஒன்று உண்டு. அது மெய்யான வித்தை. முறையாகக் கற்றவர்கள் படத்தில் ஒரு கோடு தெரிந்தால், செருப்பைக் கழற்றிவிட்டு வயலில் இறங்கி, அங்கே பயிர் செய்கிறவரிடம் நாலு கேள்வி கேட்பார்கள். நம் ஆளுக்கு அதற்கெல்லாம் நேரமில்லை. போதாக்குறைக்கு அங்கே சேறு வேறு. அவர் கற்றது ஒரே ஒரு வீடியோ, அதிலும் பாதி. அடியில் கல்சுவர் இருந்தால் பயிர் வாடும், அகழி இருந்தால் செழிக்கும் என்பது வரை பார்த்தார்; விளம்பரம் வந்ததும் நிறுத்திவிட்டார். ஆகவே பயிர் வாடினால் கோட்டை. செழித்தாலும் கோட்டை. வாடாமலும் செழிக்காமலும் நின்றால்? கோட்டை ரொம்ப ஆழத்தில் இருக்கிறது.

தக்கலை ஆபேல் சாரை எடுத்துக்கொள்ளுங்கள். குவைத்தில் ஒரு சாமான் கிடங்கை இருபத்தாறு வருடம் மேற்பார்வை பார்த்துவிட்டு ஊர் திரும்பி, மாடி வீடு கட்டி, மாடியில் ஏசி அறையில் உட்கார்ந்தபடியே நாஞ்சில் நாட்டைத் தோண்டிக்கொண்டிருக்கிறார். ஒரே வருடத்தில் நான்கு கோட்டை, ஒரு படைவீடு, ஒரு யானைக் கொட்டடி. யானைக் கொட்டடி வாலிபால் மைதானம் என்று பிறகு தெரியவந்தது. அவர் அசரவில்லை. "பந்து தட்டுக எடத்துக்குக் கீழ என்ன இருக்குண்ணு ஒனக்குத் தெரியுமா?" என்று கேட்டார். யாருக்குத்தான் தெரியும்?

போன புரட்டாசியில் அவர், கல்யாணங்களுக்குப் படம் எடுக்கும் பிரைட்டனின் டிரோனை வாடகைக்குப் பிடித்துத் தேரூர்ப் பக்கம் பறக்கவிட்டார். அங்கே சத்தியபாய்க்கு ஒன்றரை ஏக்கர் வயல். தானே இறங்கி வேலை செய்கிறவர். கன்னிப்பூப் பருவத்து நெல் விளைந்து பழுத்து நின்றது. வீட்டில் அடுத்த அறுப்பு வரை சோறு அந்த நெல்தான். மழைக்கு முந்திவிட வேண்டும் என்று திங்கட்கிழமைக்கு அறுவடை மெஷினும் சொல்லியாயிற்று. படத்தில் ஆபேல் சார் கண்டதோ வேறு. மஞ்சள் வயலுக்கு நடுவே வரிசையாக ஏழு பச்சைச் சதுரங்கள்.

ஏழு அறை! அரண்மனை! மூன்றாவது அறை அரசி குளிக்குமிடம். எப்படித் தெரியும்? அங்கே பச்சை கொஞ்சம் கூடுதல். 'மெஷின் இறங்கினால் வரலாறு அழியும்' என்ற தலைப்போடு படம் பேஸ்புக்கில் எங்கள் ஊர்க் குழுவில் ஏறியது. முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் விருப்பம் தெரிவித்தார்கள். மனு போயிற்று. ஓர் அதிகாரி வந்து வரப்பில் நின்று, வயலைப் பார்க்காமல் ஆபேல் சாரின் செல்போனைப் பார்த்துவிட்டு, நிபுணர் வரும்வரை யாரும் வயலில் இறங்கக் கூடாது என்றார்.

"சாரே, அது அரண்மனையும் இல்ல, ஒண்ணும் இல்ல" என்றார் சத்தியபாய். "சித்திரையில ஆட்டுக்கெடை போட்டேன். சதுரமா வலையக் கெட்டி ஆட்ட உள்ள அடைச்சாவ. ஏழு ராத்திரி, ஏழு எடம். புழுக்கையும் மூத்திரமும் விழுந்த எடம் பச்ச மாறாம நிக்குவு, மத்தது பழுத்தாச்சு. அறுக்க விடுங்க சாரே, மழை வருவு."

"அக்கா, கீழ நிண்ணு பாத்தா இது விளங்காது. மேல இருந்து பாக்கணும்" என்றார் ஆபேல் சார்.

"கெடைய போட்டதே நானாக்கும்!"

ஆபேல் சார் அதிகாரியின் பக்கம் திரும்பினார். "பாத்தியளா? அடைப்பு இருந்துச்சுண்ணு அவியளே ஒத்துக்கிட்டாவ."

அதிகாரி அதையும் எழுதிக்கொண்டார்.

நாலாம் நாள் மழை பிடித்தது. பிடித்த மழை ஐந்து நாள் விடவில்லை. நெல் சாய்ந்து, தண்ணீரில் கிடந்து, கதிரிலேயே முளைவிட்டது. நான் போய்ப் பார்த்தேன். சத்தியபாய் முழங்கால் தண்ணீரில் நின்று ஒவ்வொரு கொத்தாகத் தூக்கிப் பார்த்துவிட்டுத் திரும்பக் கீழே விட்டுக்கொண்டிருந்தார். ஆபேல் சாரோ மறுபடி டிரோனை அனுப்பித் தண்ணீர் தேங்கிய வயலைப் படம் எடுத்து, "நான் அண்ணைக்கே சொன்னேன், அகழியும் தெரிஞ்சாச்சு" என்று போட்டார்.

பதினோராம் நாள் நிபுணர் வந்தார். இளவயதுப் பெண். பேன்ட்டைச் சுருட்டிவிட்டுக்கொண்டு நேரே சேற்றில் இறங்கினார். பச்சைச் சதுரத்தில் ஒன்றையும் வெளியே ஒன்றையும் தூரோடு பிடுங்கி வைத்துப் பார்த்தார். "இங்க கெடை போட்டிருந்தீங்களாம்மா?" என்று கேட்டார்.

"ஆமா" என்றார் சத்தியபாய்.

ஆபேல் சாருக்கு ஒரு குறையும் வரவில்லை. நிபுணருக்கு அனுபவம் போதாது என்று எழுதிவிட்டு, இப்போது மார்த்தாண்டம் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் தேர் வீதியைத் தேடிக்கொண்டிருக்கிறார். சத்தியபாயின் மகள் லிஜா, முளைத்த கதிர்களைப் படம் எடுத்து அதே குழுவில் போட்டாள். 'இது எங்க வீட்டு நெல்லு' என்று ஒரே வரி. பதினொரு பேர் பார்த்து வருத்தம் தெரிவித்தார்கள்.

இந்த மாதிரி ஆளைத் திட்டி எழுதுவதென்றால் ஆதாரம் வேண்டுமல்லவா? அரண்மனைப் படத்தை விரும்பிய முந்நூற்றுப் பன்னிரண்டு பேரின் பட்டியலை முழுதும் படித்தேன். நாற்பத்தொன்றாவது பெயர் என்னுடையது. பஸ்ஸுக்கு நின்றபோது தட்டியிருப்பேன். சரி, நான் அப்படித்தான். ஆனால், இவ்வளவு நேரம் ஆபேல் சாரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்த உங்கள் பெயர் அதில் இருக்காது என்ற நம்பிக்கையோடுதான் மேலே படித்தேன். என் பெயருக்கு இரண்டு பெயர் தள்ளி இருந்தது. லிஜாவின் படத்துக்கு அடியிலும் தேடினேன். அங்கே நாம் இருவருமே இல்லை.